வெயிலில் பிறக்கும் ஹைட்ரஜனும் செய்தியில் விடுபட்ட வைட்டமின் சி-யும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், ‘தண்ணீரிலிருந்து எரிபொருள்’ என்ற தலைப்பில், வெயிலில் வைத்த தண்ணீரிலிருந்து பிளாஸ்டிக் நானோ துகள்கள் ஹைட்ரஜன் எடுத்துத் தருவதாக ஒரு செய்தி வெளிவந்தது. கரிமப் பலபடிகளை, அதாவது கார்பனால் ஆன நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, ஒளிவினையூக்கிகளாக, அதாவது ஒளியை உள்வாங்கி வேதிவினையைத் தூண்டும் பொருள்களாக, பயன்படுத்தும் ஆய்வு தமிழ் நாளிதழ் ஒன்றில் அரைப்பக்க இடம் பெறுவது அரிது. அதற்காகத் தங்களுக்கு என் நன்றி. ஆனால் அச்செய்தியில் ஒரு பொருளின் பெயர் விடுபட்டிருக்கிறது. அந்த ஒரு பெயர் இல்லாததால் செய்தியின் பொருளே மாறிவிட்டது என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மறுநாள் காலை, என்னிடம் மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்து இப்போது இருசக்கர வாகனப் பழுதுபார்ப்புக் கடை வைத்திருக்கும் மாணவர் ஒருவர், அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். “சார், அப்போ இனிமே தண்ணி ஊத்தியே வண்டி ஓட்டலாமா?” என்று கேட்டார். அவர் கேட்டது வேடிக்கைக்காக அல்ல. செய்தியில் இருந்ததை நம்பித்தான் கேட்டார். அவருக்கு விடை சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இப்படிப்பட்ட கேள்வி புதிதன்று. 1996-ஆம் ஆண்டில், தண்ணீரில் மூலிகை சேர்த்தே எரிபொருள் ஆக்கலாம் என்ற மூலிகைப் பெட்ரோல் பற்றிய செய்தி இராஜபாளையத்துப் பக்கமிருந்துதான் கிளம்பி நாடெங்கும் பரவியது. அப்போது நான் பணியில் இருந்தேன். வகுப்பில் பாடம் நடத்தவே முடியாதபடி மாணவர்கள் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னர் அறிவியலாளர்கள் முன் நடந்த சோதனைகளில் அந்த உரிமைகோரல் நிற்கவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு, தண்ணீரிலிருந்து எரிபொருள் என்று யார் எந்த நல்ல ஆய்வைப் பற்றிப் பேசினாலும் எங்கள் ஊரில் முதலில் எழுந்தது சந்தேகம்தான். ஆகவே முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் வெளியிட்ட செய்தி அந்த வகையைச் சேர்ந்ததன்று. இது பல நாடுகளின் ஆய்வகங்களில் செய்யப்பட்டு, செய்முறை முழுவதும் அச்சில் வெளியிடப்பட்டு, மற்றவர்களும் செய்துபார்த்து உறுதிசெய்த அறிவியல். அந்த ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் தங்கள் கட்டுரைகளில் தவறாமல் எழுதும் ஒரு நிபந்தனை, செய்தியாகும்போது வழியில் உதிர்ந்துவிடுகிறது.

இந்தத் துறையின் தொடக்கமாக அனைவரும் குறிப்பிடுவது 1972-ஆம் ஆண்டை. ஜப்பானைச் சேர்ந்த புஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டானியம் டையாக்சைடு மின்முனை மீது ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரிக்க முடியும் என்று அவ்வாண்டில்தான் காட்டினர். வெள்ளைப் பெயிண்டில் நிறமியாகக் கலக்கும் அதே பொருள்தான் இது. எளிதில் கிடைக்கும், நீரில் கரையாது, வெயிலில் கெடாது. ஆனால் அது வெள்ளையாக இருப்பதே அதன் குறையும் ஆகும். கண்ணுக்குப் புலனாகும் ஒளி அனைத்தையும் திருப்பி அனுப்பிவிடுவதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. அது உள்வாங்கிக்கொள்வது புற ஊதாக் கதிர்களை மட்டுமே. நிலத்தில் விழும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு நூற்றில் ஏறத்தாழ ஐந்துதான்.

எனவே, நிறமுள்ள ஒளிவினையூக்கி வேண்டும் என்ற தேடல் எழுந்தது. கரிமப் பலபடிகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. இவற்றைப் பிளாஸ்டிக் என்று செய்தியில் எழுதியதைக் கண்டு, குப்பையில் கிடக்கும் கேரி பேக்கை நீரில் போட்டால் ஹைட்ரஜன் வருமோ என்று ஒரு வாசகர் எண்ணினால் அவரைக் குறை கூற முடியாது. கேரி பேக்கில் உள்ள பாலிஎத்திலீன் வேறு, இது வேறு. இங்கே பேசப்படுவது ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலிகள். அந்த அமைப்பால் எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவி நிற்க முடிகிறது. பலபடிகளும் மின்சாரத்தைக் கடத்தும் என்று காட்டியதற்காகத்தான் ஹீகர், மாக்டியார்மிட், ஷிராகாவா ஆகிய மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சங்கிலியில் எந்த வளையத்தை எங்கே இணைப்பது என்று வேதியியலார் தீர்மானிக்கலாம் என்பதால், அது எந்த நிற ஒளியை உள்வாங்க வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானிக்கலாம். டைட்டானியம் டையாக்சைடிடம் இந்த வளைந்துகொடுக்கும் தன்மை கிடையாது.

பாலிபாராபினைலீன் என்ற பலபடி ஒளியில் ஹைட்ரஜனை வெளியிடும் என்பதை ஜப்பானில் யனகிடா குழுவினர் 1985-இலேயே காட்டிவிட்டனர். அதற்குப் பிறகு நீண்ட காலம் பெரிய அசைவில்லை. 2009-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் நிறப் பலபடியைக் கொண்டு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியபோதுதான் துறை மீண்டும் விழித்துக்கொண்டது.

நானோ துகள் ஏன் தேவைப்பட்டது என்பதைச் செய்தி ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு இப்பாடத்தின் மிக அழகான பகுதி அதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். சிலிக்கானின் மீது ஒளி விழுந்தால், எலக்ட்ரானும் அது விட்டுச் சென்ற துளையும் உடனே பிரிந்து அதனதன் வழியே போய்விடும். கரிமப் பலபடியில் அப்படியல்ல. எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே இணையாகவே நகரும். இந்த இணைக்கு எக்ஸைட்டான் என்று பெயர். அறை வெப்பநிலையின் அதிர்வு அந்தப் பிடியை விடுவிக்கப் போதாது. இந்த இணை தன் குறுகிய ஆயுளுக்குள் கடக்கக்கூடிய தொலைவு பெரும்பாலும் பத்து நானோமீட்டர் அளவுதான் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). அதற்குள் துகளின் மேற்பரப்பையோ, எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும் வேறொரு பொருளையோ எட்டாவிட்டால், எலக்ட்ரான் துளைக்குள்ளேயே திரும்ப விழுந்து, பெற்ற ஒளி வெறும் வெப்பமாகிவிடும். பலபடியைப் பொடித்து நீரில் போட்டால் ஒவ்வொரு பொடியும் ஆயிரக்கணக்கான நானோமீட்டர் பருமன் உள்ளதாக இருக்கும். மேலும் இவை எண்ணெய்த் தன்மை கொண்டவை என்பதால் நீரில் நனைவதும் இல்லை. பொடியின் உள்ளே பிறக்கும் எக்ஸைட்டான்கள் ஏறக்குறைய அனைத்தும் வீணாகின்றன.

ஆகவே பலபடியை ஐம்பது, நூறு நானோமீட்டர் துகள்களாக்கி நீரில் மிதக்கவிடுகிறார்கள். அதைச் செய்யும் முறை நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுதான். பாலில் கொழுப்பு எப்படி நுண்ணிய துளிகளாக நீரில் பரவி நிற்கிறதோ அதே நிலையை இங்கே செயற்கையாக உண்டாக்குகிறார்கள். பலபடியைக் குளோரோபார்ம் போன்ற கரைப்பானில் கரைத்து, சோப்புத் தன்மையுள்ள ஒரு பொருள் கலந்த நீரில் ஊற்றி, மீயொலி அலைகளால் கலக்கினால், கரைசல் எண்ணற்ற நுண்துளிகளாக உடையும். பிறகு மெல்லச் சூடாக்கிக் கரைப்பானை ஆவியாக்கிவிட்டால், ஒவ்வொரு துளியும் சுருங்கி ஒரு திண்மத் துகளாக நின்றுவிடும்.

இதன் பயனை 2016-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்கூடாகக் காட்டினர். ஒரே பலபடியை வெறும் பொடியாகவும் நானோ துகளாகவும் ஒரே சூழலில் ஒப்பிட்டபோது, நானோ துகளின் தொடக்க வேகம் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு கூடியிருந்தது. 2020-இல் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயன் மெக்கலக்கின் குழுவினர் இன்னொரு படி முன்னேறினர். எலக்ட்ரானைக் கொடுக்கும் பலபடி ஒன்றையும் எலக்ட்ரானை ஏற்கும் கரிம மூலக்கூறு ஒன்றையும் ஒரே துகளுக்குள் சேர்த்தனர். இவை இரண்டும் பிளாஸ்டிக் சூரிய மின்கல ஆய்வில் ஏற்கெனவே பயின்றுவந்த பொருள்கள். ஒரு வகைச் சோப்புப் பொருளைப் பயன்படுத்தியபோது ஒன்று உள்ளே பருப்பாகவும் மற்றொன்று வெளியே தோலாகவும் அமைந்தது. இரண்டையும் சமமாக அணைக்கும் வேறொரு சோப்புப் பொருளுக்கு மாறியபோது இரண்டும் துகள் முழுதும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து நின்றன. எக்ஸைட்டான் எங்கே பிறந்தாலும் பக்கத்திலேயே அதைப் பிரிக்கும் எல்லை இருந்ததால் ஹைட்ரஜன் வெளியாகும் வேகம் பத்து மடங்கு உயர்ந்தது. பலபடியைப் புதிதாக வடிக்காமல், சோப்பை மட்டும் மாற்றிப் பெற்ற பத்து மடங்கு இது என்று என் மாணவரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இனி விடுபட்ட பெயருக்கு வருகிறேன். உப்சாலா சோதனையிலும், சவூதிச் சோதனையிலும், தங்கள் செய்தி குறிப்பிடும் வகையைச் சேர்ந்த ஏறக்குறைய எல்லாச் சோதனைகளிலும், குடுவையில் இருந்தது வெறும் நீரன்று. அதில் அஸ்கார்பிக் அமிலமோ அதைப் போன்ற வேறொரு பொருளோ கரைக்கப்பட்டிருந்தது. அஸ்கார்பிக் அமிலம் என்பது நெல்லிக்காயில் நிறைந்திருக்கும் வைட்டமின் சி-யே.

நீரைப் பிரிப்பதில் இரண்டு பாதிகள் உண்டு. எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் அயனிகளுடன் சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாவது ஒரு பாதி. துகளில் எஞ்சிய துளைகள் நீரிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனை விடுவிப்பது மறுபாதி. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான்களைப் பறிக்க வேண்டியிருப்பதால் இரண்டாம் பாதிதான் மிகக் கடினமானது. நீரை முழுமையாகப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். ஆனால் அஸ்கார்பிக் அமிலம் தன் எலக்ட்ரான்களைத் தானே முன்வந்து தருவது போல எளிதாகத் தந்துவிடும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெற, நீருக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஆற்றலே போதும். ஆகவே ஆய்வாளர்கள் கடினமான பாதியைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிட்டு, துளைகளுக்கு இந்த அமிலத்தை இரையாகக் கொடுத்து, முதல் பாதியை மட்டும் தனியே ஆராய்கிறார்கள். துறையில் இப்படிப்பட்ட பொருளைப் ‘பலியாகும் பொருள்’ என்ற கருத்தில்தான் அழைக்கிறார்கள். ஆய்வு முறை என்ற அளவில் இதில் எந்தப் பிழையும் இல்லை. ஒரு இயந்திரத்தின் ஒரு பகுதியைக் கழற்றித் தனியே ஓட்டிப்பார்ப்பது போன்றதுதான் இது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் செய்தியின் தலைப்பு நிற்காது. ஒரு மூலக்கூறு அஸ்கார்பிக் அமிலம் இரண்டு எலக்ட்ரான்களைத் தரும். அதிலிருந்து ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் கிடைக்கும். அமிலத்தின் மோலார் நிறை 176 கிராம், ஹைட்ரஜனுடையது 2 கிராம். அதாவது ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற ஏறக்குறைய 87 கிலோ வைட்டமின் சி செலவாக வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. தொழிற்சாலையில் அஸ்கார்பிக் அமிலம் தயாரிப்பது குளுக்கோஸிலிருந்து. 1930-களில் ரைக்ஸ்டைன் வகுத்த அம்முறையின் முதல் படி, குளுக்கோஸுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துச் சார்பிட்டால் ஆக்குவது. ஒரு மூலக்கூறு குளுக்கோஸுக்கு ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் செலவாகிறது. தயாரிக்கும்போது எவ்வளவு ஹைட்ரஜனை உள்ளே செலுத்துகிறோமோ அதிகபட்சம் அவ்வளவுதான் இந்தச் சோதனையில் வெளியே வருகிறது. இந்நிலையில் இதை ‘தண்ணீரிலிருந்து எரிபொருள்’ என்று எழுதுவது எப்படிப் பொருந்தும் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

செய்தியில் கொடுத்திருந்த வேகக் கணக்கும் வாசகரைத் திசைதிருப்பக் கூடியது. சவூதி ஆய்வில் ஒரு கிராம் வினையூக்கிக்கு ஒரு மணி நேரத்தில் 60,000 மைக்ரோமோலுக்கு மேல் ஹைட்ரஜன் கிடைத்தது என்பது உண்மை. அந்த எண்ணைக் கிராமுக்கு மாற்றினால் மணிக்கு ஏறத்தாழ 0.12 கிராம் வரும். இத்தகைய சோதனைகளில் ஒரு கிராம் துகளை யாரும் குடுவையில் போடுவதில்லை. சில மில்லிகிராம் போட்டு, வலுவான விளக்கொளியை நேரே பாய்ச்சி, வந்ததைக் கிராம் கணக்குக்குப் பெருக்கிச் சொல்கிறார்கள். துகளின் அளவை ஆயிரம் மடங்கு கூட்டினால் வாயுவும் ஆயிரம் மடங்கு கூடாது. முன்வரிசைத் துகள்கள் ஒளியை எடுத்துக்கொண்டபின் பின்வரிசைக்கு ஒளியே போய்ச்சேராது. விழுந்த சூரிய ஆற்றலில் எத்தனை விழுக்காடு ஹைட்ரஜனில் சேமிக்கப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய எண். அந்த எண்ணை நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் நீரின் இரு பாதிகளும் நடந்திருக்க வேண்டும்.

அப்படி நேர்மையாக அளந்த ஒரு சோதனையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஜப்பானில் டோமன் குழுவினர் 100 சதுர மீட்டர் பரப்பில் ஒளிவினையூக்கித் தகடுகளைத் திறந்த வெளியில் விரித்துப் பல மாதங்கள் இயக்கி, 2021-இல் முடிவுகளை வெளியிட்டனர். வினையூக்கி கரிமப் பலபடி அன்று, அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டு. பலியாகும் பொருள் எதுவும் இல்லை, நீர் மட்டுமே. வெளிவந்த ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலவையைப் பாலிஇமைடு சவ்வு கொண்டு பிரித்தும் காட்டினர். கிடைத்த உச்சத் திறன் 0.76 விழுக்காடு. சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் ஆற்றல் விழும் உச்சிவெயிலில், 100 சதுர மீட்டரிலிருந்து அந்தத் திறனில் மணிக்கு இருபது கிராமைச் சற்றே தாண்டும் ஹைட்ரஜன் கிடைக்கும் என்பது என் கணக்கு. அதே பரப்பில் 20 விழுக்காடு திறனுள்ள சூரிய மின்தகடுகளை வைத்து, அந்த மின்சாரத்தால் நீரை மின்னாற்பகுத்தால், கிலோவுக்கு 50 யூனிட் என்று கொண்டால் ஏறக்குறைய 400 கிராம் கிடைக்கும். ஒளிவினையூக்கிகள் எட்ட வேண்டிய தொலைவை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. மின்தகடும் மின்னாற்பகுப்புக் கலனும் இல்லாமல், நீரில் தூவிய துகளே வேலையைச் செய்துவிடும் என்ற எளிமைக்காகத்தான் அந்தத் தொலைவைக் கடக்க இத்தனை பேர் முயல்கிறார்கள்.

இதைத் தொட்டு இன்னொரு திருத்தமும் தேவைப்படுகிறது. நடுவண் அரசு 2023 சனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் அளித்த பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தோடு இந்த ஆய்வை இணைத்து, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்ற இலக்கை எட்ட இது உதவும் என்று செய்தி முடிகிறது. அந்த இலக்கு பெரிதும் மின்னாற்பகுப்பை நம்பி வகுக்கப்பட்டது. பலபடி நானோ துகள்கள் இன்னும் ஆய்வகக் குடுவையில்தான் உள்ளன. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், இலக்கு தவறும் நாளில் பழி இந்தத் துறையின் மேல் விழும்.

‘உலோகம் இல்லாத வினையூக்கி’ என்ற சொற்றொடரும் செய்தியில் இருந்தது. மேற்சொன்ன சவூதிச் சோதனையில் துகளின் மேல் பிளாட்டினம் படியவைக்கப்பட்டிருந்தது. பிளாட்டினம் சேர்க்காத சோதனைகளிலும், இந்தப் பலபடிகள் பலவற்றின் சங்கிலியை இணைத்துத் தயாரிக்கும் சுசுகி என்ற வேதிவினைக்குப் பல்லேடியம் என்ற உலோகம் தேவை என்பதால், அது சிறிதளவு பொருளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்தச் சுவடளவு பல்லேடியமே ஹைட்ரஜன் வெளியாவதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று மெக்கலக் குழுவினரே 2018-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். தங்கள் துறையில் உள்ள ஓர் ஐயத்தைத் தாங்களே சோதித்து உலகுக்குச் சொன்ன அந்தப் பண்பை மாணவர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். நீரின் கடினமான பாதியும் முற்றிலும் கைவிடப்படவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகக் குழுவினர் 2022-இல், ஒரு பலபடித் துகளின் மேல் பல்லேடியத்தையும் இரிடியத்தையும் ஏற்றி, பலியாகும் பொருள் ஏதுமின்றி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினர். கிடைத்தது சிறிதளவுதான். ஆனாலும் என்னைக் கேட்டால், லட்சம் மடங்கு, 60,000 மைக்ரோமோல் என்ற எண்களையெல்லாம் விடப் பெரிய செய்தி அதுதான். தமிழ் நாளிதழ்களில் நான் அதைப் பார்த்ததில்லை.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இத்துறைச் செய்தியை வெளியிடும்போது, குடுவையில் நீரைத் தவிர வேறு என்ன இருந்தது என்பதை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆக்சிஜனும் வெளிவந்ததா, விளக்கொளியா வெயிலா, எத்தனை மணி நேரம் அல்லது நாள் அது தொடர்ந்து இயங்கியது என்பவற்றுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். மூல ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலோ செய்முறைப் பகுதியிலோ இவை பெரும்பாலும் இருக்கும். சொல் ஏதேனும் புரியாவிட்டால் அருகிலுள்ள கல்லூரி வேதியியல் துறையில் கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். இதனால் செய்தியின் சுவை குறைந்துவிடும் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். வைட்டமின் சி பற்றிச் சொன்ன பிறகுதான் என் மாணவர் கிளம்பாமல் உட்கார்ந்து, “அப்போ அந்த இன்னொரு பாதியை யார் சார் செய்யறாங்க?” என்று கேட்கத் தொடங்கினார். லிவர்பூலின் பெயரை அவர் தன் கடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு போனார்.

எங்கள் ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தை வாரந்தோறும் ஒட்டிவருகிறேன். அந்த வாரப் பக்கத்தை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. ஒரு சிறு திருத்தம் வெளியிடுவீர்களானால் இரண்டையும் அருகருகே ஒட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.